கணக்கு யார் வீட்டில் இருக்கிறது?

2003 புரட்டாசி. திருப்பதியில் பிரம்மோற்சவக் கூட்டம். கோவிந்தராஜசுவாமி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் அப்போது எனக்கு ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. எட்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், வாசலில் எஸ்.டி.டி. பூத்தின் மஞ்சள் போர்டு. காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போதே நாலு கடை தள்ளி லாட்ஜ் வைத்திருந்தவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, நம்ம வெப்சைட்ட யாரோ மாத்திட்டாங்கப்பா. பெங்களூர்லருந்து மச்சான் போன் பண்றாரு. திறந்தா 'இந்தப் பேரு விற்பனைக்கு'ன்னு வருதாம்."

அந்த சைட்டைச் செய்து கொடுத்தவன் நான். ஓடிப்போய்த் திறந்து பார்த்தேன். அப்படியே இருந்தது. பெருமாள் படம், அறை வாடகைப் பட்டியல், பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும் வழி, கீழே என் கடைப் பெயர். "இதோ இருக்குதே சார், மச்சான் எழுத்தைத் தப்பா அடிச்சிருப்பாரு" என்றேன். அவர் என் பூத்திலிருந்தே பெங்களூருக்குப் பேசினார். மச்சான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். எழுத்து சரி. ஒரே பெயருக்கு அங்கே ஒரு பக்கம், இங்கே ஒரு பக்கம்.

புரட்டாசி சனிக்கிழமைக்காக ஊரிலிருந்து வந்த அப்பா என்னோடு தங்கியிருந்தார். ராத்திரி சாப்பிடும்போது இதைச் சொன்னேன். கம்ப்யூட்டர் பக்கமே போகாத மனிதர். மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "தாலுகாவுல யார் பேரு எழுதியிருக்குது? அத பாத்தியா?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தத் தொழிலை நான் கற்றுக்கொண்டேன்.

அப்பா நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் உள்ள ஒரு ஊரில் கர்ணம். தாத்தாவும் கர்ணம். எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று மரப்பெட்டிகள் இருந்தன. ஊரின் நிலக்கணக்கு முழுவதும் அவற்றுக்குள். அடங்கலில் சர்வே நம்பர் வாரியாக எழுதியிருக்கும்: எவ்வளவு நிலம், பட்டாதாரர் யார், பயிரிடுபவர் யார், என்ன பயிர், எந்தத் தண்ணீர். இதே விவரத்தை ஆள் வாரியாகத் திருப்பிப் போட்டால் சிட்டா. நிலம் வாங்க வருபவர் புத்தூர் தாலுகா ஆபீசுக்குப் போவார். இந்த நிலத்தில் கரும்பா கடலையா என்று அங்கே யாருக்கும் மனப்பாடமாகத் தெரியாது. அந்த ஊர்க் கணக்கு யார் கையில் என்பது தெரியும். "இன்னார் வீட்டுக்குப் போங்க" என்று கைகாட்டிவிடுவார்கள். சித்தூர் கலெக்டர் ஆபீசில் கேட்டால் இன்னும் சுருக்கம்: "அது புத்தூர் தாலுகா."

மேலே போகப்போக விவரம் குறையும். ஆனால் கீழே யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் மேலேதான் இருக்கும். ஊரில் ஒருவன் நான்தான் கர்ணம் என்று பெட்டியைத் திறந்துவைத்து உட்கார்ந்தால் போதாது; தாலுகா அவனைக் கைகாட்ட வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை ஜமாபந்தி நடக்கும். ஊர்க்கணக்கையும் தாலுகாக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பார்கள். இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் கையெழுத்து. மாறினால் அன்றைக்கு அப்பா வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும்.

இன்டர்நெட்டின் பெயர்க்கணக்கு முதலில் இப்படி இல்லை. எல்லா ஊர் அடங்கலும் ஒரே ஆபீசில் இருந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஸ்டான்ஃபோர்டு ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்டில். எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையார் 1972 முதல் அந்தத் தகவல் மையத்தை நடத்தினார். இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்பாநெட்டில் இணைந்த ஒவ்வொரு கம்ப்யூட்டரின் பெயரும் எண்ணும் 'ஹோஸ்ட்ஸ்' என்ற ஒரே ஃபைலில். புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஆபீஸ் நேரத்தில் அந்த மையத்துக்குச் சொல்லிப் பெயரைச் சேர்க்க வேண்டும். மற்ற எல்லாரும் அவ்வப்போது அந்த ஃபைலை முழுசாக இறக்கிக்கொள்வார்கள். சில நூறு கம்ப்யூட்டர் இருந்தவரை ஓடியது. பிறகு, ஒருவர் இறக்கி முடிப்பதற்குள் ஃபைல் பழசாகிப்போனது. ஒரே பெயரை இரண்டு பேர் கேட்டு வந்தார்கள்.

தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் இருந்த ஜான் போஸ்டல் இதற்கு வழி தேடும் வேலையை பால் மொக்கபெட்ரிஸிடம் கொடுத்தார். 1983 நவம்பரில் மொக்கபெட்ரிஸ் வெளியிட்ட இரண்டு ஆவணங்கள்தான் டி.என்.எஸ். என்ற முறையின் பிறப்புச் சான்று. 1987 நவம்பரில் அவற்றைத் திருத்தி எழுதினார். இன்றும் அடிப்படை அதுதான். கணக்கை ஒரே இடத்தில் வைக்காதே, பங்கு போட்டுக் கொடு என்பதுதான் அதன் சாரம். உச்சியில் உள்ள ரூட் சர்வருக்கு .காம் யார் பொறுப்பில், .இன் யார் பொறுப்பில் என்பது மட்டும் தெரியும். .காம் கணக்கு வைத்திருப்பவருக்கு அதன் கீழே உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எந்த நேம்சர்வர் என்று தெரியும். உண்மையான விவரம், அதாவது சைட் எந்த மெஷினில், மெயில் எந்த மெஷினுக்கு என்பது, கடைசியில் உள்ள நேம்சர்வரில். நேம்சர்வர் என்பது கர்ணம் வீடு.

இதை நான் பிற்பாடு படித்தபோது ஒரு தேதி என்னை நிறுத்தியது. அந்த ஆவணங்கள் வந்த இரண்டாவது மாதம், 1984 ஜனவரியில், என்.டி. ராமாராவ் அரசு ஓர் அவசரச் சட்டத்தால் ஆந்திராவின் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தது. எல்லைக்கு அந்தப்பக்கம் எம்.ஜி.ஆர். 1980-லேயே அதைச் செய்துவிட்டிருந்தார். பரம்பரை வேலை போக வேண்டியதுதான் என்று இன்று நினைக்கிறேன். ஊருக்கு ஒரு குடும்பம் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டிவைத்த கதைகள் எங்கள் பக்கம் நிறைய. கர்ணங்கள் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்கள். 1985-ல் கோர்ட்டு அரசின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. ரெவின்யூ கணக்கில் வருஷம் ஜூலையில் பிறக்கும். அதற்குப் பசலி என்று பெயர். நவம்பர் 1983, ஜனவரி 1984 இரண்டும் ஒரே பசலி: 1393. அமெரிக்காவில் உலகத்துக்கே கர்ணம் முறையை எழுதிவைத்த அதே பசலியில் எங்கள் வீட்டு மூன்று பெட்டிகளும் மாட்டுவண்டியில் ஏறிப் போயின.

பெட்டி போனாலும் ஆட்கள் வருவது நிற்கவில்லை. வரப்புத் தகராறு என்றால் அப்பாவிடம்தான் வந்தார்கள். அவர் திண்ணையில் உட்கார்ந்து நினைவிலிருந்தே சொல்வார்: "கிழக்கால வேப்பமரம் வரைக்கும் உங்க பாட்டன் நிலம்." சொன்னது பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் செல்லாது. ஆபீஸ் இப்போது வேறு ஆளைக் கைகாட்டுகிறது. அப்பாவைக் கேட்டு நம்பிக் கிணறு வெட்டியவர் ஒருவர் கோர்ட்டில் தோற்றார். அதற்குப் பிறகு யார் வந்தாலும் அப்பா முதலில் அந்தக் கேள்வியைத்தான் கேட்பார்: தாலுகாவில் யார் பெயர் எழுதியிருக்கிறது? 1985-ல் தாலுகாவை உடைத்து மண்டலம் என்று ஆக்கின பிறகும் அவர் வாயில் தாலுகாதான்.

சாப்பிட்ட கையோடு கடைக்குத் திரும்பினேன். எட்டு மெஷினில் ஏழு விண்டோஸ் 98. அவற்றில் எனக்கு வேண்டிய கட்டளையே கிடையாது. ஒன்றில் மட்டும் எக்ஸ்பி போட்டிருந்தேன். கறுப்பு ஜன்னலைத் திறந்து 'என்எஸ்லுக்கப்' என்று அடித்தேன். 'செட் டைப்=என்எஸ்' என்று அடித்துவிட்டு லாட்ஜின் பெயரைக் கொடுத்தேன். நான் இடம் வாடகைக்கு எடுத்திருந்த ஹோஸ்டிங் கம்பெனியின் இரண்டு நேம்சர்வர் பெயர்களும் வந்தன. எல்லாம் சரி என்பது போல.

ஆனால் நான் கேட்டது யாரை? எங்களுக்கு இணைப்புக் கொடுத்தவர்களின் சர்வரை. அது தெருமுனை டீக்கடைக்காரர் மாதிரி. போன தடவை கேட்டு வைத்திருந்ததை நினைவிலிருந்து சொல்கிறது. அந்த ஹோஸ்டிங் கம்பெனியின் நேம்சர்வரையே நேராகக் கேட்டேன். அதுவும் "நான்தான்" என்றது. வேலை போன கர்ணத்தைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவார், கணக்கின் நகல் இன்னும் அவரிடம் இருக்கும்போது.

தாலுகாவைக் கேட்க ஒரு வரி அதிகம் அடிக்க வேண்டும். 'சர்வர்' என்று எழுதி, பக்கத்தில் .காம் கணக்கு வைத்திருக்கும் பதின்மூன்று மெஷின்களில் ஒன்றின் பெயர்: 'ஏ.ஜிடிஎல்டி-சர்வர்ஸ்.நெட்'. இப்போது என் கேள்வி டீக்கடையைத் தாண்டி நேராக அங்கே போகும். லாட்ஜின் பெயரை மறுபடி கொடுத்தேன். கேள்விப்பட்டே இராத இரண்டு நேம்சர்வர்கள் வந்து நின்றன. பெயரை வாங்கி விற்கும் வெளிநாட்டு வியாபாரி ஒருவருடையவை.

நடந்தது இதுதான். 2001-ல் டொமைன் பதிய வேண்டுமென்றால் டாலரில் கட்ட வேண்டும். அதற்கு ஏற்ற கிரெடிட் கார்டு என்னைப் போன்றவர்களிடம் இல்லை. சென்னையில் ஓர் ஏஜென்சி ரூபாயில் வாங்கிக்கொண்டு பதிந்து கொடுத்தது. திருப்பதியிலும் சித்தூரிலும் அன்றைக்கு சைட் செய்தவர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் போனோம். ஏஜென்சி, பெயரைத் தன் பெயரிலேயே பதிந்திருந்தது, நாங்களும் கேட்கவில்லை. அது கடையை மூடியது. புதுப்பிக்கச் சொல்லும் மெயில்கள் எல்லாம் அந்த ஏஜென்சியின் செத்த முகவரிக்குப் போயின. காலம் கடந்ததும் பெயரை வியாபாரி எடுத்துக்கொண்டார். மேலிடம் அவரைக் கைகாட்டத் தொடங்கியது. ஹோஸ்டிங் வாடகையை நான் ஒழுங்காகக் கட்டிவந்ததால் பழைய வீட்டில் கணக்கு திறந்தே இருந்தது, கேட்பாரற்று.

அப்படியானால் எங்களுக்கு மட்டும் ஏன் பழசே தெரிந்தது? ஒவ்வொரு பதிலோடும் ஓர் ஆயுள் எழுதி அனுப்புவார்கள். .காம் கைகாட்டும் பதிலின் ஆயுள் 1,72,800 விநாடி, அதாவது இரண்டு நாள். அதுவரை டீக்கடைக்காரர் மறுபடி விசாரிக்கத் தேவையில்லை. பெங்களூரில் அந்த ஆயுள் முதலில் தீர்ந்தது. எங்களுக்கு இன்னும் மிச்சமிருந்தது. அந்தக் காலத்தில் .காம் கணக்கையே நாளுக்கு இரண்டு தடவைதான் புதுப்பித்தார்கள். 2004 செப்டம்பரில்தான் சில நிமிஷத்துக்கு ஒருமுறை என்று மாற்றினார்கள். மறுநாள் சாயங்காலம் என் எட்டு மெஷினிலும் 'விற்பனைக்கு' என்ற பக்கம் வந்து உட்கார்ந்தது. லாட்ஜ்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "பேரு என்னுதுப்பா. எங்க தாத்தா பேரு" என்றார்.

அவரிடம் என்ன சொல்வது? பெயரும் இடமும் அப்படியே இருக்க, யாரைக் கேட்பது என்பது மட்டும் மாறிப்போவது எங்கள் மாவட்டத்துக்குப் புதிதா என்ன?

சித்தூர் நெடுங்காலம் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். 1911 ஏப்ரல் 1-ல் அது தனி மாவட்டமானது. வட ஆர்க்காட்டின் தலைமை வேலூருக்குப் போனது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதில் சேர்ந்தது. திருப்பதி எங்களுக்கே, திருத்தணி எங்களுக்கே என்று ம.பொ.சி. தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்தது. எல்லையை ஆராய்ந்த படாஸ்கர் 1957-ல் முடிவு சொன்னார். 1959-ல் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது, சத்தியவேடு பக்கம் ஆந்திராவுக்கு வந்தது, திருப்பதி ஆந்திராவிலேயே நின்றது. எங்கள் தாத்தாவுக்கு அந்த மார்ச் மாதம் முழுக்கத் தூக்கமில்லை என்று பாட்டி சொல்லுவாள். எல்லையோரக் கிராமக் கணக்குகளைக் கட்டுக்கட்டாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்ததாம். வயல் ஓர் அங்குலம் நகரவில்லை. ஏரியும் பனைமரமும் இருந்த இடத்திலேயே இருந்தன. கேட்க வேண்டிய ஊர் மட்டும் மாறிவிட்டது. எதிர்க்கிராமத்தில் இருந்த அத்தை, சில வருஷம் வரை கடித உறையில் சித்தூர் ஜில்லா என்றே எழுதிக்கொண்டிருந்தாளாம். தபால்காரர் சிரித்துக்கொண்டே கொண்டு கொடுப்பாராம். பழைய பதிலின் ஆயுள் இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான்.

2022 ஏப்ரல் 4-ல் திருப்பதி தனி மாவட்டமானது. எங்கள் சாலையில் புத்தூர் திருப்பதிக்குப் போக, நகரி சித்தூரிலேயே இருந்துவிட்டது. ஆனால் என் வீட்டு பின்கோடு இன்றும் 517-ல்தான் தொடங்குகிறது, சித்தூரின் 517001 போலவே. தபால்துறை 1972-ல் போட்ட அந்தக் கணக்கு தனிக்கணக்கு. கலெக்டர் ஆபீஸ் பிரிந்தால் அது பிரிய வேண்டியதில்லை. டொமைனிலும் இதே குழப்பத்தை மாதம் ஒருமுறையாவது பார்க்கிறேன். சைட் இருக்கும் இடம் ஒன்று, பெயரைப் பதிந்த இடம் ஒன்று, நேம்சர்வர் இருக்கும் இடம் மற்றொன்று. மூன்றும் மூன்று கம்பெனியிடம் இருக்கலாம். ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைப்பவர்கள்தான் விழுகிறார்கள்.

சரி, ஒவ்வொருவரையும் மேலே இருப்பவர் கைகாட்டுகிறார். உச்சியில் இருப்பவரை யார் கைகாட்டுவது?

1998 ஜனவரி 28 அன்று ஜான் போஸ்டல், ரூட் சர்வர்களை நடத்துபவர்களில் எட்டுப் பேருக்கு ஒரு மெயில் அனுப்பினார். அதுவரை ரூட் கணக்கின் நகலை எல்லாரும் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் கம்பெனி நடத்திய 'ஏ' சர்வரிலிருந்து எடுத்துவந்தார்கள். இனி என் மெஷினிலிருந்து எடுங்கள் என்றார் போஸ்டல். எட்டுப் பேரும் அப்படியே செய்தார்கள். கணக்கு அச்சு அசலாக ஒன்றே என்பதால் உலகத்தில் எந்தப் பக்கமும் மறையவில்லை. பார்த்தவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வெள்ளை மாளிகைக்குத் தெரிந்தது. ஒரு வாரத்துக்குள் எல்லாவற்றையும் பழையபடி திருப்ப வைத்தார்கள். சோதனைதான் செய்தேன் என்றார் போஸ்டல். அதே வருஷம் ஐகேன் என்ற அமைப்பு உருவானது. அக்டோபர் 16-ல் போஸ்டல் இறந்தார். ரூட் மீது அமெரிக்க அரசுக்கு இருந்த ஒப்பந்தப் பிடி 2016 செப்டம்பர் கடைசியில்தான் விலகியது.

இதைப் படித்தபோது எனக்குத் திருமலை நினைவுக்கு வந்தது. 1801-ல் கோயில் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. இந்துக் கோயில்களைக் கம்பெனி நடத்துவதா என்று இங்கிலாந்தில் எதிர்ப்பு எழவே, 1843-ல் ஹாதிராம்ஜி மடத்து மகந்திடம் கொடுத்தார்கள். 1933-ல் சென்னை மாகாணச் சட்டத்தால் திருமலை திருப்பதி தேவஸ்தானம் வந்தது. மலையேறிய பக்தருக்கு இந்த மாற்றம் எதுவும் தெரிந்திருக்காது; கருவறையில் அதே பெருமாள்தான். சாவிக்கொத்து யாரிடம் என்பது கீழே கச்சேரிக் காகிதங்களில் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

இந்தியாவின் .இன் 1989-ல் ரூட் கணக்கில் ஏறியது. அன்றைக்கு அதைக் கவனித்தது எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி நெட்வொர்க்கும், ஸ்ரீனிவாசன் ராமணி தலைமையில் மும்பையில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும். ஐ.ஐ.டி. சென்னை மெயில் முகவரிகள் 'ஐஐடிஎம்.எர்நெட்.இன்' என்று முடிந்த காலம். கம்பெனிப் பதிவுச் சான்று அது இது என்று கேட்பார்கள் என்பதால் சின்ன லாட்ஜ்காரர் அந்தப் பக்கம் போகமாட்டார்; .காம்தான் வாங்குவார். பிறகு பொறுப்பு 'நிக்சி' என்ற அமைப்புக்கு மாறி, 2005 பிப்ரவரி 16-ல் .இன் எல்லாருக்கும் திறந்தது. அந்த வாரமே லாட்ஜ்காரரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, அவர் தாத்தா பெயரை .இன்-னில் பதிந்தேன். இந்தத் தடவை பதிவில் அவருடைய பெயர், அவருடைய மெயில், அவருடைய போன். நேம்சர்வரை எழுதும் கட்டத்தை மட்டும் நான் நிரப்பினேன், அவர் பார்த்துக்கொண்டிருக்க. அதே 2005-ல் ரூட் சர்வர் ஒன்றின் நகல் சென்னையிலேயே வைக்கப்பட்டது. உச்சியைக் கேட்பதற்கு இனிக் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. ரேணிகுண்டாவில் ரயிலேறினால் போய்விடலாம் என்று அவரிடம் சொன்னேன்.

தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம் என்பதற்கு வேர் சிங்கப்பூரில். தொண்ணூறுகளின் கடைசியில் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ குழுவினர் இதற்கு முதல் மாதிரிகளைச் செய்தார்கள். 2007 அக்டோபரில் ஐகேன், பதினொரு சோதனைப் பெயர்களை ரூட்டில் ஏற்றியது. இந்திய மொழிகளில் ஹிந்தியும் தமிழும் மட்டும். தமிழ்ச் சோதனைப் பெயர் 'உதாரணம்.பரிட்சை'. ரீ போட வேண்டிய இடத்தில் ரி. உலகத்தின் தலைக்கணக்கிலேயே ஓர் எழுத்துப்பிழை! சோதனை முடிந்து எடுத்துவிடும்வரை அது அப்படியே இருந்தது. கேட்பவர் எந்த எழுத்தில் கேட்கிறாரோ அந்த எழுத்துக்குத்தான் பதில்; சரியான 'பரீட்சை'யை யார் அடித்திருந்தாலும் அப்படி ஒன்று இல்லை என்றே வந்திருக்கும். கணக்கில் எழுதினது எழுதினதுதான் என்று அப்பா சொல்லுவார். ஒரு சுழி மாறினதால் சர்வே நம்பர் மாறி அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் அவருக்குத் தெரியும்.

2011-ல் இந்திய மொழிகளில் நாட்டுப் பெயர்கள் ரூட்டில் ஏறின. தமிழுக்கு .இந்தியா, தெலுங்குக்கு .பாரத். சித்தூர் கடைத்தெருவில் ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியும் பேசுகிற எங்களுக்கு ஒரே நாடு இரண்டு பெயரில், இரண்டும் நிக்சி பொறுப்பில். வாங்கித் தரட்டுமா என்று சித்தூரில் ஒரு வெல்ல மண்டிக்காரரைக் கேட்டேன். "ரெண்டையும் வாங்கினா ரெண்டுக்கும் வருஷா வருஷம் நீதானப்பா வருவே" என்றார்.

தேவஸ்தானத்தின் ஆன்லைன் பெயர்களும் மாறிக்கொண்டே வந்தன. 'டிடிடிசேவாஆன்லைன்.காம்' என்று பல வருஷம் இருந்தது, 2020-ல் 'ஏபி.கவ்.இன்' என்று முடியும் பெயருக்குப் போனது. பிறகு அதற்குள்ளேயே இன்னொரு பெயர். நடுவில் போலி சைட்டுகள் முளைத்தன. தேவஸ்தானம் திரும்பத் திரும்ப எச்சரித்தும், ஏமாந்து வந்து கடைவாசலில் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். தரிசன டிக்கெட் என்று பணம் கட்டிவிட்டு, அச்சடித்த தாளோடு அலிபிரி வரை போய்த் திரும்பியவர்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பெயரை வலப்பக்கத்திலிருந்து படியுங்கள். முன்னால் திருமலை, பாலாஜி, ஸ்ரீவாரி என்று எது வேண்டுமானாலும் ஒருவன் எழுதிக்கொள்ளலாம். கடைசித் துண்டைத்தான் அவன் இஷ்டத்துக்கு எழுத முடியாது. 'கவ்.இன்' கணக்கு அரசாங்கத்தின் தேசிய தகவல் மையத்திடம்; அரசு அலுவலகம் அல்லாதவர்களுக்கு அது கைகாட்டாது. தபால்காரரும் உறையைக் கீழிருந்துதானே படிக்கிறார்? முதலில் பின்கோடு, அப்புறம் ஊர், அப்புறம் தெரு, கடைசியில்தான் ஆள்.

யார் பதிந்தார் என்பதைக் காட்டும் ஹூயிஸ் பட்டியலையும் முன்பெல்லாம் பார்ப்பேன். அதுவும் ஃபைன்லர் அம்மையாரின் மையத்தில் 1982-ல் எழுத்தில் வந்த முறைதான். 2018 மே 25-ல் ஐரோப்பாவின் அந்தரங்கச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு ஆள் பெயரையும் போனையும் பெரும்பாலும் மறைத்துவிட்டார்கள். நேம்சர்வரை மறைக்கவில்லை. மறைக்கவும் முடியாது; மறைத்தால் கர்ணம் வீடு எது என்று ஊருக்குள் வருபவருக்கு எப்படித் தெரியும்? ஆளைப் பார்க்க முடியாத இந்தக் காலத்தில் கைகாட்டும் விரலைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிரவுசிங் சென்டரை மூடி வெகுகாலம் ஆயிற்று. மாடியில் ஒரு சின்ன ஆபீஸ், ஒரு லேப்டாப். அறுபது சொச்சம் பெயர்கள் என் பொறுப்பில். லாட்ஜுகள், டிராவல்ஸ், இரண்டு கல்யாண மண்டபம், சித்தூர் பக்கம் மாம்பழ பல்ப் ஃபேக்டரிகள், ஒரு பள்ளிக்கூடம். என்எஸ்லுக்கப் போய் 'டிக்' வந்துவிட்டது; 'டிரேஸ்' என்று சேர்த்தால் ரூட்டிலிருந்து கடைசி வீடு வரை ஒவ்வொரு கைகாட்டலையும் வரிசையாகக் காட்டும். இருந்தாலும் வருஷம் ஒருமுறை ஜூன் கடைசியில் நான் ஜமாபந்தி நடத்துகிறேன். நீளமான கணக்கு நோட்டு. முதல் பத்தியில் பெயர், இரண்டாவதில் கெடு தேதி, மூன்றாவதில் மேலிடம் யாரைக் கைகாட்டுகிறது, நான்காவதில் அந்த நேம்சர்வர் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது. மூன்றும் நான்கும் ஒத்துப்போனால் சிவப்பு மையில் டிக். போன ஜமாபந்தியில் இரண்டு ஒத்துப்போகவில்லை. ஒன்றில், மூடப்பட்ட ஒரு சர்வரை மேலிடம் இன்னும் மூன்றாவது பெயராக வைத்திருந்தது. மற்ற இரண்டு சர்வர்களும் வேலை செய்ததால் யாருக்கும் தெரியவில்லை. திருத்தினேன்.

அப்பா 2015 வரை இருந்தார். அந்த வருஷம் ஆந்திர அரசு 'மீபூமி' என்ற சைட்டைத் தொடங்கி அடங்கலை எல்லாரும் பார்க்கும்படி போட்டது. எங்கள் ஊரின் பெயரைக் கொடுத்து, சர்வே நம்பரைக் கொடுத்து, எங்கள் வீட்டுப் பின்பக்கத்துக் கொல்லையைத் திறந்து காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு பத்தியாக விரல் வைத்துப் படித்தார். விஸ்தீரணம் சரி. பட்டாதாரர் பெயர் சரி. பிறகு விரல் மேலே போய், சைட்டின் பெயர் இருக்கும் கோட்டில் நின்றது.

"இத யாரு வெச்சிருக்காங்கன்னு பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்பா. 'ஏபி.கவ்.இன்'."

"சரி" என்றார். அப்புறம்தான் கண்ணாடியைக் கழற்றினார்.

நோட்டின் அட்டையில் வருஷத்தைப் பசலியில்தான் எழுதுகிறேன். 2024 ஜூலையில் தொடங்கிய நோட்டில் 1434 என்று இருக்கிறது. லாட்ஜ்காரரின் பேரன் போன வாரம் வந்தவன் அது என்ன நம்பர் அண்ணா என்று கேட்டான். அவன் தாத்தாவின் தாத்தா பெயர் அந்த நோட்டில் முதல் வரி. அதை டிக் அடித்துக் காட்டினேன்.